எக்ஸுபரன்ஸும் எதிர்வீடும்

"எக்ஸுபரன்ஸ்னா பொங்கி வழியற உற்சாகம். லத்தீன்ல அதோட வேரு, பால் நெறஞ்ச மடியாம்," என்றான், மறுநாள் பாடத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த ஆங்கில ஆசிரியன் அருள்குமார்.

"நான் பால் வத்திப்போய்க் கெடக்கறேன். உங்களுக்கு லத்தீன் கேக்குதுங்களா?" என்றாள் மனைவி ரித்திகா.

காய்ச்சலில் அவளுக்குப் பால் நின்றதிலிருந்து, எதிர்வீட்டு ஹுமேராதான் தன் மகனோடு இவர்கள் மகளுக்கும் பாலூட்டினாள். அவளிடம் போய் இந்த லத்தீனைச் சொல்லாதிருக்கும் அளவுக்கு அருள்குமாருக்கு அறிவு இருந்தது.

அன்று ஹுமேரா வரவில்லை. அவள் கணவன் அர்ஷத் வந்தான். முகம் இறுகியிருந்தது.

"ஏனுங்க, பள்ளிவாசல்ல பெரியவங்களைக் கேட்டுப்போட்டேன். எங்க மார்க்கத்துல இதுக்கு ஒரு சட்டம் இருக்குதுங்க."

ரித்திகா குழந்தையை இறுக அணைத்துக்கொண்டாள். "இனி பால் தர மாட்டீங்களா?"

"அட, அதில்லீங்க அக்கா. ஒரே தாய்கிட்டப் பால் குடிச்சா கூடப்பொறந்த மாதிரிங்க. நாளைக்கு ரெண்டும் காதல் கீதல்னு வந்து நின்னா, கட்டிவைக்க முடியாதுங்க."

"அவ்வளவுதானுங்களா?" அருள்குமாருக்கு மூச்சு வந்தது.

"இல்லீங்க." அர்ஷத் பையிலிருந்து ஒரு குட்டிப் பட்டுப்பாவாடையை எடுத்தான். "தங்கச்சிக்கு அண்ணன் ஊட்டுச் சீருங்க. அவன் இன்னும் நடக்க ஆரம்பிக்கலை. அதான் நான் கொண்டாந்தேன்."