விக்காத அண்டா

"அண்ணாச்சி, அந்த அண்டா என்ன விலை?"

"அது விக்கிறதுக்கு இல்லம்மா."

கேட்டீங்களா கூத்தை! தி.நகர்ல ஆள் மேல ஆள் இடிக்கிற சந்து. அங்கே பாத்திரக்கடை இசக்கிமுத்து அண்ணாச்சி, விக்காத அண்டாவை வாசல்ல நிறுத்தி வெச்சிருக்கார். நாலடி உயரம். என் ஜாக்கெட் பிட் கடை வாசல்ல பாதியை அதுதான் மறைக்குது.

"உள்ளே எடுத்து வைங்களேன்."

"இருக்கட்டும் பாஷா பாய். அது உம்மகிட்ட சோறா கேக்குது?"

ஆறு மாசமா இதே பதில். என்ன திமிர்!

அன்னிக்கு மத்தியானம் அண்ணாச்சி சாப்பிட உள்ளே போயிருந்தார். சந்துல சிக்னலே இல்லைன்னு நாங்க கொடுத்த புகாருக்கு, போன் கம்பெனியிலேர்ந்து ஷண்முகப்ரியான்னு ஒரு இன்ஜினியர் வந்து அளந்துகிட்டிருந்தாங்க.

"டவர் மெயின் ரோட்டுல இருக்கு சார். நடுவுல இவ்ளோ கட்டடம். சிக்னல் நேரா வராது. எதுலயாவது மோதித் திரும்பித்தான் உள்ளே வரணும்."

நான் அதையா கேட்டேன்? இதுதான் சமயம்னு அண்டாவை ஒரே தள்ளு தள்ளினேன்.

"அய்யோ, என்ன சார் பண்ணீங்க? அதுல பட்டுத்தான் எதிர்ப்பக்கம் சிக்னல் போய்க்கிட்டிருந்தது. இப்ப சுத்தமா போச்சு!"

எதிர்ப்பக்கம் பார்த்தேன். மாடிப்படிக்குக் கீழே புடவைக்கு ஃபால்ஸ் தைக்கிற சிந்து. காது கேட்காது, பேச்சும் வராது. புருஷனும் அப்படித்தான். அவருக்குத் தரமணியில வேலை. தினம் இந்த நேரத்துக்கு ரெண்டு பேரும் வீடியோ கால்ல சைகையில பேசிப்பாங்க. இப்ப அந்தப் பொண்ணோட கை அந்தரத்துல நின்னுபோச்சு. போனை உதறி உதறிப் பார்க்குது.

அண்டா உருண்ட சத்தம் கேட்டுச் சோத்துக் கையோட ஓடிவந்தார் அண்ணாச்சி. இன்னொரு கையால அண்டாவை இழுத்துப் பழைய இடத்துல நிறுத்தினார்.

சிந்து முகத்துல சிரிப்பு. விரல்கள் மறுபடி ஓட ஆரம்பிச்சுது.

"உங்களுக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி?"

"தீவாளிக்கு அண்டாவ வெளிய வெச்சேன். அன்னைக்குத்தான் புருஷன் மூஞ்சி தெளிவாத் தெரியுதுன்னு அந்தப் புள்ள போனைத் தூக்கிட்டு ஓடியாந்து காட்டுச்சு. பொறவு எப்படிவே எடுக்க?"

"சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா, நீங்கள்லாம் அவ போனை எட்டிப் பாப்பீக. புருஷன் பொண்டாட்டி பேசுறது நமக்கு எதுக்கு?"

எனக்கு வெட்கமாப் போச்சு.

மறுநாள் ஒரு அம்மா வந்து நின்னாங்க. "அந்த அண்டா என்ன விலை?"

அண்ணாச்சி வாயைத் திறக்கிறதுக்குள்ள என் கடையிலேர்ந்தே கத்தினேன்:

"அது விக்கிறதுக்கு இல்லம்மா!"