அயோடின் 132

கிட்டுசாமி சாரின் பெயர் போனில் வந்தபோது, மெஹ்ஜபின் ஒரு டி-ஷர்ட்டின் தோளை டேப் வைத்து அளந்துகொண்டிருந்தாள்.

ஆறு வருடம். அந்த நம்பரை அவள் அழிக்கவில்லை.

"மெஹ்ஜபின், நல்லா இருக்கியாம்மா?"

"சொல்லுங்க சார்."

நல்லூரில் அவளைப் பெற்ற அத்தா பாரூக் நடத்தும் தையல் யூனிட் அது. முப்பது மிஷின் ஓடும் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. மாடிப்படிப் பக்கம் நகர்ந்தாள்.

சார் சுற்றி வளைக்கவில்லை.

"நம்ம தோரியம் அட்டவணையில அயோடின் 132 உதைக்குதும்மா. வெளிநாட்டுல ஒரு குழு அதையே அளந்திருக்காங்க. நம்ம எண் பதினஞ்சு சதவீதம் கம்மியா இருக்குன்னு பத்திரிகைக்கு எழுதிட்டாங்க."

நம்ம எண் என்றார்.

கனமான தோரியத்தை நியூட்ரானால் அடித்தால் அணு இரண்டாகப் பிளக்கும். நூறு அணு பிளந்தால் எந்தத் துண்டு எத்தனை விழுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் கிட்டுசாமியின் ஆய்வகத்தில் ஐந்து வருடம் அவள் பார்த்த ஆராய்ச்சி. அடிபட்ட தகட்டைக் கருவிக்கு முன்னால் வைத்து, துண்டுகள் விடுகிற கதிர்களை மணிக்கணக்கில் எண்ணுவாள். ஒரு நோன்புப் பெருநாளுக்கு ஊருக்கே வரவில்லை. அந்தத் துண்டுகளில் ஒன்றான அயோடின் யாருக்காகவும் காத்திருக்காது. சில மணி நேரத்தில் பாதியாகிவிடும்.

மகள் மஹ்னூர் வயிற்றில் இருந்தபோது, கதிர் படக்கூடாது, அதுதான் விதி என்று சொல்லி ஆய்வக அறைச் சாவியை வாங்கிக்கொண்டார் கிட்டுசாமி. "போயிட்டு வாம்மா. உன் இடம் எங்க போகப்போகுது?" என்றார்.

கைக்குழந்தையோடு திரும்பிப் போனபோது, அவள் நாற்காலியில் சாருடைய மருமகன் உட்கார்ந்திருந்தான். அவள் எழுதிய பதிவேடுகள் அவன் மேஜையில் இருந்தன.

"உங்க ஊர்லதான் பனியன் கம்பெனி நிறைய இருக்கே. ஏதாவது பாத்துக்கோ." வாசலிலேயே நிற்க வைத்துச் சொன்னார்.

அடுத்த வருடம் அட்டவணை வெளியானது. முப்பத்தொரு எண்கள். எல்லாம் அவள் எண்ணியவை. மேலே மாமனார், மருமகன் என்று இரண்டே பெயர்கள். கடைசியில் நன்றி சொன்ன பத்தியில், கருவிக்குத் திரவ நைட்ரஜன் ஊற்றிய ஊழியரின் பெயர்கூட இருந்தது.

"ஒரே ஒரு விஷயம்தாம்மா." சாரின் குரல் தணிந்தது. "அயோடினை எண்ணும்போது தகடு கருவியில இருந்து எவ்வளவு தூரத்துல இருந்துச்சு? பதிவேட்டுல அது இல்ல. வழக்கமா பத்து சென்டிமீட்டர்தானேன்னு கட்டுரையில நாங்களே எழுதிட்டோம்."

"பத்து இல்லைன்னா என்னங்க சார்?"

அவளுக்குத் தெரியாததல்ல. அவர் வாயால் கேட்க வேண்டும்போல் இருந்தது.

"கிட்ட வெச்சிருந்தா ரெண்டு கதிர் ஒண்ணா உள்ள விழுந்து, ஒரே கதிரா கணக்காகிடும். அதனாலதான் கம்மின்னு ஒரு திருத்தம் போட்டுட்டா விஷயம் முடிஞ்சுது. பத்துதான்னா, அவங்க அளந்ததுதான் தப்புன்னு நான் அடிச்சு எழுதிடுவேன். இதுல தப்பா எழுதிட்டா என் பேரே போயிடும்மா. இன்னும் மூணு மாசத்துல ரிடையர் ஆகறேன்."

"சின்ன டைரி ஒண்ணு ஊட்டுல இருக்குதுங்க சார். லைன்லயே இருங்க, பாத்துச் சொல்றேன்."

யூனிட்டுக்கு மேலேதான் வீடு. பீரோவில், மஹ்னூரின் தடுப்பூசி அட்டைக்கு அடியில் டைரி இருந்தது. பக்கம் உடனே கிடைத்துவிட்டது.

போனில் அவர் மூச்சு விடுவது கேட்டது. கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டே நின்றாள்.

"பத்துங்க சார்."

"நிச்சயமாம்மா?"

"என் கையெழுத்துங்க சார். அளவுல நான் தப்பு பண்ணமாட்டேன்னு உங்களுக்கே தெரியுமுங்களே."

"தெரியும்மா, தெரியும்." அவர் சிரித்தேவிட்டார். பிறகு, எதையோ நினைத்துக்கொண்டவர்போல, "பத்திரிகைக்குப் போற பதில்ல உன் பேரையும் சேத்துடட்டுமா?" என்றார்.

அவள் பெயர். அச்சில்.



"வேண்டாங்க சார். உங்க ரெண்டு பேர் பேரு மட்டும் இருக்கட்டுமுங்க."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், நிலைப்படியில் அத்தா நின்றிருந்தார். அன்றைக்கு அவளோடு ஆய்வகத்துக்கு வந்து, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வெயிலில் நின்றவர் அவர்தான்.

"அந்த வாத்தியாரா கண்ணு?"

"ஆமாங்கத்தா. ஒரு அளவு கேட்டாருங்க. சொல்லிட்டேன்."

அத்தாவின் கண் கலங்கிவிட்டது. "அத்தனை செஞ்ச மனுசனுக்கு, மனசுல ஒண்ணும் வெச்சுக்காம சொன்னே பாரு. பேரு கூட வேண்டாமுன்னுட்டயே. அல்லா உன்னைக் கைவிடமாட்டான் சாமி."



அத்தா படி இறங்கிப் போகும்வரை டைரியை மூடியே வைத்திருந்தாள். பிறகு திறந்து, அந்தப் பக்கத்தை மறுபடி படித்தாள். பென்சிலில், அவளுடைய கூட்டெழுத்தில், அடிக்கோடு போட்டு எழுதியிருந்தது:

"அயோடின் 132. கதிர் மிகவும் குறைவு. தகட்டைக் கருவியோடு ஒட்டி வைத்து எண்ணினேன். தூரம் 1 செ.மீ."