மடிப்பிச்சை

பட்டினி கிடக்கிறவர்களிடமே போய்ப் பிச்சை கேட்டார் நாகபூஷணம். கேட்டவர் ஒன்றும் இல்லாதவர் அல்ல. கிணறும் ஐந்து ஏக்கர் கரும்பும் வைத்திருந்தவர்.

ஆந்திரா தனி ராஜ்யமான வருஷம் அது. 1953. நகரி பக்கத்து எங்கள் ஊரில், "நாங்கள் மெட்ராஸோடுதான்" என்று கூட்டம் போட்டுக்கொண்டிருந்தோம். அந்த நேரம் பார்த்து, கடப்பை ஜில்லாவில் மழை பொய்த்துப்போன பதினோரு குடும்பங்கள் மாட்டு வண்டிகளோடு வந்து எங்கள் மாந்தோப்பில் இறங்கின.

"தெலுங்குக்காரங்களுக்கு நாம எதுக்குச் சோறு போடணும்?" என்று சிலர் கேட்டது உண்மை. ஆனாலும் ஊர் மனசு கல் இல்லை. அன்றைக்கே நிவாரணக் கமிட்டி வைத்தோம். திருமலை தலைவர். வாத்தியாரான நான் காரியதரிசி. வீடு வீடாக அரிசி வாங்கிச் சாவடியில் கஞ்சி காய்ச்சினோம்.

ஒருத்தரும் வரவில்லை.

நானே தோப்புக்குப் போய்க் கூப்பிட்டேன். அவர்களுக்குள் பெரியவளான வெங்கடம்மா என் கையிலிருந்த நோட்டைப் பார்த்தாள். பேர், ஊர் எழுதி, கைநாட்டு வாங்கிக்கொண்டுதான் கஞ்சி என்பது கமிட்டித் தீர்மானம்.

"மேமு ரைதுலமய்யா, பிச்சகாள்ளம் காது" என்றாள். நாங்கள் குடியானவர்கள், பிச்சைக்காரர்கள் இல்லை என்று.

அவள் மருமகளுக்குப் பால் வற்றிப்போய், மடியில் கிடந்த பச்சைக் குழந்தை கத்திக்கொண்டிருந்தது. வண்டியில் விதைத் தானியம் மட்டும் இருந்தது. விதையைத் தின்கிற குடியானவன் உண்டா?

"பசியிலயும் கொழுப்பைப் பாத்தியா?" என்றார் திருமலை. எனக்கும் கோபம்தான். காய்ச்சின கஞ்சி மாட்டுத் தொட்டிக்குப் போனது.

நாலாம் நாள் காலையில், மஞ்சள் வேட்டியும் நெற்றி நிறையக் குங்குமமுமாக நாகபூஷணம் தெருவில் இறங்கினார்.

"கெங்கம்மா கனவுல வந்துட்டா. ஒரு மண்டலம் எனக்குக் கூழு ஊத்துடான்னுட்டா. மடிப்பிச்சை போடுங்க."

ஆடி மாசமென்றால் சரி. கூழ் ஊற்றுகிறவர் எவ்வளவு பெரிய ஆளானாலும் மடியேந்தித் தானியம் வாங்கித்தான் காய்ச்ச வேண்டும்; எங்கள் பக்கத்து வழக்கம் அது. ஆனால் அப்போது புரட்டாசி. பெருமாளுக்குத் தளிகை போடுகிற மாசத்தில் கெங்கம்மாவுக்குக் கூழா?

"இன்னா மாமா இது? அங்க ஜனம் துன்ன வழியில்லாம கிடக்குது. உனக்குச் சாமி கூழு கேக்குதா?" என்றார் திருமலை.

"கேட்டவ அம்மா. போய் அவளாண்டயே சண்டை போடு."

ஊரில் வாங்கி முடித்தவர் நேராகத் தோப்புக்கு நடந்தார். பின்னாலேயே ஓடினேன்.

"அவங்களையாவது விடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

"எல்லைக்குள்ள இருக்கற எந்தக் குடும்பத்தையும் விடக்கூடாது வாத்தியாரே. விட்டா அம்மா கோச்சுக்குவா."

வெங்கடம்மாவின் முன்னால் மடியை விரித்து நின்றார்.

அவள் எழுந்துபோய், விதைக் கேழ்வரகில் ஒரு கை அள்ளி வந்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு மடியில் போட்டாள். மற்ற குடும்பங்களும் போட்டன. தானியமே இல்லாத ஒருத்தி இரண்டு உப்புக்கல் போட்டாள்.

"விதைக் கேவுரைக்கூட விட்டு வைக்கலியே, பாவி மனுசன்!" என்று ஊரே திட்டியது. நான் ஒரு படி மேலேயே திட்டினேன்.

மறுநாள் கெங்கம்மா கோயில் வாசலில் கூழ் கொதித்தது. பெரிய அண்டா. மடியில் விழுந்த தானியம் அதில் கால்வாசிக்குக் காணாது. மீதி யார் வீட்டிலிருந்து வந்தது என்று நாங்கள் கேட்கவில்லை.

பம்பைச் சத்தம் கேட்டதும் தோப்பிலிருந்து பதினோரு குடும்பமும் சொம்போடு வந்து, ஊர் ஜனத்தோடு வரிசையில் நின்றது. ஒருத்தரும் தலை குனியவில்லை. அவர்கள் போட்டதும் அதில்தானே கொதித்தது!

முதல் சொம்பை மருமகளுக்குக் கொடுத்துவிட்டு, அடுத்ததைக் குடித்துப் பார்த்த வெங்கடம்மா, "உப்பு குறைச்சல்" என்று தெலுங்கில் நாகபூஷணத்தை அதட்டினாள். அவர் கைகட்டிக் கேட்டுக்கொண்டார்.

நாற்பத்தெட்டு நாள். மூன்றாம் நாளிலிருந்து திருமலையும் நானும்கூடச் சொம்போடு போய் நின்றோம். எத்தனையோ விருந்து சாப்பிட்டாயிற்று. வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு, தெலுங்கும் தமிழுமாகச் சிரித்துக்கொண்டு குடித்த அந்தக் கூழுக்கு எதுவும் ஈடில்லை. மழை வந்தது. வண்டிகள் ஊர் திரும்பின. குழந்தை தாயின் தோளில் கொழுகொழுவென்று தூங்கிக்கொண்டு போனது.

1960-ல் எல்லை பிரித்தார்கள். எங்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றது. திருத்தணிப் பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்ட நான், நாகபூஷணத்திடம் சொல்லிக்கொள்ளப் போனேன். அவர் கழனியில் இருந்தார். அவர் மனைவி தாட்சாயணியம்மாள் மோர் கொடுத்தார்.

பேச்சு எப்படியோ அந்தக் கூழுக்குப் போனது.

"அப்புறம் கெங்கம்மா அவர் கனவுல வரவே இல்லையாம்மா?" என்றேன் கிண்டலாக.

தாட்சாயணியம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"எந்தக் கனவு வாத்தியாரே? தோப்புல அந்தக் கொழந்தை கத்திக்கினு கிடந்த மூணு ராத்திரியும் இந்த மனுசன் கண்ணையே மூடலை. தூங்காத ஆளுக்குக் கனவு எங்கேந்து வரும்?"