மூன்றாம் மாடி காலி

கடைவீதி நடுவே ஓர் ஆபீஸ் கட்டடம். அதன் மூன்றாம் மாடியில் ஒரு புறாக் குடும்பம் இருந்தது. அதே மாடி ஜன்னலில் ‘காலி’ என்று ஒரு பலகையும் தொங்கியது.

"பலகை அண்ணே, நாங்க குஞ்சு குட்டியோட இங்கதானே இருக்கோம்? அப்புறம் எப்படி இது காலி?" என்று கேட்டது தாய்ப் புறா.

"நீங்க இருக்கிறதெல்லாம் கணக்கில்லம்மா. கம்பெனி வரணும்."

கம்பெனி வந்தது. புறாக்களை விரட்டினார்கள். கூட்டை அள்ளிக் கொட்டினார்கள். பலகையைக் கழற்றி மொட்டை மாடிக் குப்பையில் எறிந்தார்கள். புதுக் கண்ணாடி, புது நாற்காலி எல்லாம் வந்தன. ஆட்கள்தான் வரவில்லை. அவர்களுக்கு வீட்டிலிருந்தே வேலையாம்!

புறா தினமும் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தது. காலையில் காவலாளி வந்து ஏசியைப் போட்டான். சாயங்காலம் வந்து அணைத்தான். நாற்காலிகளின் பாலிதீன் உறையைக்கூட யாரும் பிரிக்கவில்லை.

தலை சுற்றிப்போய் அது மொட்டை மாடிக்குப் பறந்தது.

"அண்ணே, எனக்கு முட்டையிடுற நேரம். உள்ளே ஈ, காக்கா இல்லை. இப்பவாவது அது காலிதானே?"

பலகை திருப்பிக் கேட்டது:

"காலியா இருந்தா, நான் எதுக்கும்மா இந்தக் குப்பையில கிடக்கேன்?"