பெட்ரோல் முள்

கார் சாவியைத் திருகினேன். ஸ்டார்ட்டர் ஜோராகச் சுற்றியது. என்ஜின் மட்டும் பிடிக்கவில்லை.

"ஆறு மாசமா ஷெட்டுலயே கிடக்கு தம்பி. ஒரு அடி நகரல," என்றார் அண்ணன், வாசலில் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தபடியே.

கூடப் பிறந்த அண்ணன் இல்லை. முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், என் மெக்கானிக் பட்டறைக்குப் பழைய வாடிக்கையாளர். ஆறு மாதத்துக்கு முன் மாடிப்படியில் சறுக்கி இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார். அன்றிலிருந்து கைத்தடியும் நாற்காலியும்தான் அவர் உலகம். இனி வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஓட்ட முடியாத வண்டியை எதற்கு ஸ்டார்ட் பண்ணச் சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. கேட்டேன். "சும்மாதான்" என்றார்.

சும்மா நின்ற வண்டி என்றால் முதலில் பேட்டரியைத்தான் சந்தேகப்பட வேண்டும். மீட்டரை வைத்துப் பார்த்தேன். நேற்று வாங்கியதுபோல் இருந்தது.

எனக்குள் ஒரு சந்தேகம் அரிக்க ஆரம்பித்தது.

குனிந்து டயர்களைப் பார்த்தேன். நாலும் கிண்ணென்று இருந்தன. ஆறு மாதத்தில் துரு ஏறியிருக்க வேண்டிய பிரேக் தட்டு பளபளவென்று சிரித்தது. பானட்டுக்குள் ஒரு எலி கூடக் குடிவரவில்லை. இந்த வீட்டு எலிகள் அவ்வளவு நல்லவை இல்லை என்பது எனக்குத் தெரியும்.

பிளக்கைக் கழற்றினேன். பொறி வந்தது. ஆனால் பிளக் சருகாகக் காய்ந்திருந்தது. பெட்ரோலே வரவில்லை.

முள்ளைப் பார்த்தேன். கால் டாங்க் இருப்பதாகச் சொன்னது.

அந்த முள்ளின் யோக்கியதை எனக்குத் தெரியும். இரண்டு வருடமாக அது அங்கேயேதான் நிற்கிறது. மாற்றிவிடலாம் என்று நான் சொன்ன போதெல்லாம் அண்ணன் காதில் வாங்கவில்லை. முந்நூறு கிலோமீட்டர் ஓடினால் ரொப்பிவிடுவார். முள்ளெல்லாம் மற்றவர்களுக்கு, அவருக்குக் கணக்கு மண்டைக்குள்.

பின்பக்கம் கையை வைத்து வண்டியை ஆட்டினேன். சளக் என்று ஒரு சத்தம் கூட இல்லை. டாங்க் வறண்டு கிடந்தது.

அண்ணன் படியில் விழுவதற்கு முந்தின நாள்தான் டாங்க் வழிய வழிய ரொப்பிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார். ஆயில் மாற்றி, கதவோரம் நானே ஸ்டிக்கரில் கிலோமீட்டர் எழுதி ஒட்டினேன். மறுபடி ஏறி உட்கார்ந்து பார்த்தேன். இப்போது மீட்டர் அதைவிட நானூற்றுப் பதினைந்து கூடுதலாகக் காட்டியது.

அப்புறம்தான் கவனித்தேன். நான் உட்கார்ந்திருந்த சீட் ஸ்டியரிங்கை ஒட்டி இழுத்து விடப்பட்டிருந்தது. என் முழங்கால் இடித்தது. அடியில் ஒரு சின்னத் தலையணை வேறு.

நிமிர்ந்தேன். ஷெட்டின் பின்வாசலில் அண்ணி நின்றிருந்தார். கையில் எனக்குக் கொண்டுவந்த டீ.

"தம்பி, அவர்கிட்ட சொல்லிடாதீங்க," என்றார் மெதுவாக.

பாவமாகிவிட்டது. மூன்று மாதமாக விடியற்காலையில் ரயில்வே கேட் வரை போய்த் திரும்புகிறாராம். டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொண்டு லைசென்ஸ் கூட வாங்கிவிட்டாராம். திங்கட்கிழமை அண்ணனை ஆஸ்பத்திரிக்குத் தானே ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்று ஆசை. இதுவரை வாடகைக் கார் டிரைவர்கள்தான் அவரைத் தூக்கி உட்கார வைத்து, இறக்கிவிட்டுக்கொண்டு இருந்தார்கள்.

கல்யாணமான புதிதில் அண்ணன் ஒருமுறை கற்றுக்கொடுத்திருக்கிறார். முதல் திருப்பத்திலேயே போட்ட கத்தலில் அண்ணி பாதி வழியில் இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டார்.

"இப்பவும் ஒரு கத்து கத்தினாருன்னா, ஜென்மத்துக்கும் ஸ்டியரிங்கைத் தொட மாட்டேன் தம்பி."

அண்ணன் குரல் எனக்குத் தெரியும். பஸ் ஹாரனே வேண்டாம்.

வாசலுக்குப் போனேன். முப்பது வருடம் வண்டி ஓட்டியவரிடம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் துணிந்தேன்.

"டாங்க் மூடி லூசா இருந்திருக்குண்ணே. பெட்ரோல் பூராவும் ஆவியாப் போச்சு."

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார்.

"இருக்கும், இருக்கும். என்ன வெயில் அடிக்குது," என்றார்.

மூன்று நாளாக மழை பெய்துகொண்டிருந்தது. நான் கேனை எடுத்துக்கொண்டு பெட்ரோல் பங்க்குக்குப் போனேன்.

பெட்ரோல் ஊற்றியதும் இரண்டாவது திருகலில் என்ஜின் பிடித்துக்கொண்டது. நான் இறங்கி, சீட்டைப் பின்னால் தள்ளித் தடயத்தை மறைக்கக் குனிந்தேன்.

தடி தட்டும் சத்தம் கேட்டது.

அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து ஷெட்டுக்கே வந்துவிட்டார். முன்னால் இழுத்திருந்த சீட்டையும் தலையணையையும் பார்த்தார். அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கத்தப் போகிறார் என்று நானும் காதைத் தயார் செய்துகொண்டேன்.

அவர் வண்டியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். கதவைத் திறந்து, டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் மெல்ல உட்கார்ந்தார். தடியைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டார்.

"அந்த முள்ளை நம்பாத. முந்நூறு ஓடுச்சுன்னா ரொப்பிடு," என்றார் அண்ணியிடம். இவ்வளவு தணிந்த குரலில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நாலு நாளா விடியக்காலைல வண்டிச் சத்தமே கேக்கல தம்பி. அதான் உன்னைக் கூப்பிட்டேன்."