மணம் இருந்தால் மார்க்கம் உண்டு

"அந்த ஆளைக் குரூப்பை விட்டுத் தூக்குறீங்களா, இல்ல நான் வெளியே போகட்டுமா?"

இரண்டாவது மாடி பல் டாக்டர், ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக, அபார்ட்மெண்ட் செக்ரட்டரியைப் படியிலேயே மடக்கிவிட்டார்.

'அந்த ஆள்' தரைத்தளத்தில் தனியாக இருக்கும் பெரியவர். தினமும் காலை ஆறரைக்குக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குரூப்பில் 'காலைக் கதம்பம்' போடுவார். ஒரு பொது அறிவு, ஒரு புதிர், ஒரு ஜோக், கடைசியில் சொந்த யோசனையாக ஒரு வரி. குழாயில் தண்ணீர் தவறினாலும் தவறும், கதம்பம் தவறாது. அவருக்குப் பெயரே கதம்பம் என்று ஆகிவிட்டது.

"போடட்டும், வேண்டாங்கல. தப்பில்லாம போடக் கூடாதா? இன்னிக்கு என்னன்னு பாருங்க."

டாக்டர் போனை நீட்டினார்.

'அறிவோம்: ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் ஏழே எலும்புகள். நம் கழுத்திலும் ஏழுதான்.

புதிர்: எல்லோருக்கும் வழிவிடும், தான் மட்டும் வீட்டை விட்டுப் போகாது. அது என்ன?

சிரிப்போம்: "தூக்கமே வரலை டாக்டர்." "எப்போ?" "ஆபீஸ்ல. மேனேஜர் லீவுல இருந்தாக்கூட."

யோசனை: மணம் இருந்தால் மார்க்கம் உண்டு.'

அதன் கீழே, ஆறு முப்பத்திரண்டுக்கே, மூன்றாவது மாடி டீச்சரின் பதில்.

'மனம். இரண்டு சுழி. நீங்கள் எழுதியிருப்பதற்கு வாசனை என்று பொருள், அல்லது கல்யாணம். இரண்டிலும் மார்க்கம் நிச்சயமில்லை.'

செக்ரட்டரிக்குச் சிரிப்பு வந்தது. டாக்டரின் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டார்.

"தினமும் இதே கூத்து சார். இவர் தப்பு பண்றதும் அந்தம்மா நறுக்குனு குட்டுறதும். இதைப் பார்த்துட்டு என் பொண்ணு லீவ் லெட்டர்ல 'பல்லிக்கு வர இயலாது'ன்னு எழுதியிருக்கா!"

கையெழுத்து வேட்டையும் நடந்திருந்தது. பதினோரு வீடு. செக்ரட்டரிக்கு வேறு வழியில்லை. கதம்பத்தின் கதவைத் தட்டினார்.

"வாங்க தம்பி, உக்காருங்க. புதிருக்கு விடை கண்டுபிடிச்சீங்களா?"

"அது... வேற விஷயமா வந்தேன்."

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் செக்ரட்டரி சுவரைப் பார்த்தார். கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு பாராட்டுப் பத்திரம் தொங்கியது. ஏதோ ஓர் அச்சகம் கொடுத்தது. 'முப்பது ஆண்டுகள் பிழையின்றிப் பிழை திருத்தியமைக்காக.'

இரண்டு தடவை படித்தார்.

"நீங்க ப்ரூஃப் ரீடரா சார்?"

"ஆமா."

"அப்போ 'மணம் இருந்தால்'ங்கிறது?"

பெரியவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"டீச்சரோட வீட்டுக்காரர் போய் எட்டு மாசம் ஆச்சா? அதுக்கப்புறம் அவங்க யார்கூடயாச்சும் பேசிப் பார்த்திருக்கீங்களா?"

செக்ரட்டரி யோசித்தார். இல்லை. காய்கறிகூட வாசல் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போகிறார்கள்.

"அன்னிக்கு எல்லாரும் குரூப்ல இரங்கல் போட்டாங்க. யாருக்கும் பதில் இல்ல. நானும் போட்டேன். அவரும் நானும் தினம் வாக்கிங் போறவங்க. கண்ணை மறைச்சிருச்சு. 'ஆறுதல்' சொல்ல வார்த்தையில்லைன்னு எழுதுறதுக்குப் பதிலா 'ஆருதல்'னு எழுதிட்டேன். என் கையை மீறிப் போன ஒரே தப்பு அதுதான். பத்து நாள் கழிச்சு பதில் வந்துச்சு. 'வல்லின ற போடவும்.' அவ்ளோதான். ஆனா பேசிட்டாங்களே!"

"அதனால..."

"அதனாலதான் கதம்பம். புதிர் போட்டேன், பேசல. ஜோக் போட்டேன், ம்ஹூம். தப்பு போட்டேன், ரெண்டே நிமிஷம். வாத்தியார் வேலை பார்த்தவங்க ஆச்சே, சும்மா விட முடியுமா? தம்பி, என்னைக் குரூப்புல இருந்து எடுத்துட்டா அவங்க பேசுற அந்த ஒரு வரியும் நின்னுபோயிடும்."

செக்ரட்டரி கையெழுத்துத் தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். கண் கலங்கியிருந்தது. பெரியவர் பார்க்காத மாதிரி இருந்துகொண்டார்.

"அவங்ககிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. வேணும்னே பண்றேன்னு தெரிஞ்சா மனசு கஷ்டப்படும்."

டாக்டரைச் சமாளித்துக்கொள்ளலாம். ஆனால் இந்த மனுஷனை ஊர் பார்க்க டீச்சர் குட்டுவது செக்ரட்டரிக்குப் பொறுக்கவில்லை. நேராக மூன்றாவது மாடிக்கு ஏறினார்.

கதவு ஒரு சாண் திறந்தது.

"டீச்சர், ஒண்ணு கேட்டா தப்பா நினைக்கக் கூடாது. கதம்பம் சார் ஏதோ பொழுதுபோகாம எழுதுறார். நீங்க கொஞ்சம் பார்த்து, பதமா..."

"யாரு, அந்த ப்ரூஃப் ரீடரா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் செக்ரட்டரி.

"எங்க வீட்டுக்காரர் சொல்லியிருக்கார். பேப்பர்ல ஒரு புள்ளி விட்டிருந்தாக்கூட நடந்துகிட்டே பேனாவை எடுப்பாராம்."

"அப்போ உங்களுக்கு..."

"முப்பத்தஞ்சு வருஷம் பரீட்சைப் பேப்பர் திருத்தினவ நான். எது தெரியாம வர்ற தப்பு, எது தெரிஞ்சே வைக்கிற தப்புன்னு எனக்குத் தெரியாதா? அன்னிக்கு எல்லாரும் மெழுகுவத்திப் படம் போட்டு, ஒரு பிழையில்லாம ஃபார்வர்டு பண்ணாங்க. அவர் ஒருத்தர்தான் கை நடுங்கி எழுதினார்."

டீச்சர் கதவை இன்னும் கொஞ்சம் திறந்தார்.

"பாவம், ஒண்டி ஆள். அவர்கிட்ட சொல்லிடாதீங்க. நான் திருத்துவேன்னுதான் தினமும் காலையில எழுந்திருக்கிறார்."