சேனாபதி விட்ட உதை

"சேனாபதி உதைச்சுட்டாம்மா! என் கண்ணால பார்த்தேன். எகிறி எகிறி உதைக்கறான்!"

கஸ்தூரிரங்கனுக்கு ஒரு இடத்துல நிக்க முடியல. அந்தச் சின்ன ரூமுக்குள்ளயே குறுக்கும் நெடுக்கும் நடந்துட்டிருந்தார். மேஜை மேல அவரோட ஹஸ்கி நாய் பட்டு, விலாவுல அடிபட்டு, மயக்க ஊசில படுத்திருந்தது.

"யார் அங்கிள் சேனாபதி? போலீஸ்ல சொல்லலாமே?" மிருக டாக்டர் வெண்பா கட்டு போட்டுக்கிட்டே கேட்டா.

"லாமாம்மா! குட்டி ஒட்டகம் மாதிரி இருக்குமே, ஆட்டுக்குக் காவலா வாங்கினேனே, அது."

ஐ.டி. வேலைய விட்டுட்டு, ஆஸ்டினுக்கு வெளிய நிலம் வாங்கி, கம்பளிக்காக இருபது செம்மறி ஆடு வளர்க்கறார் மனுஷன். ஒரே மாசத்துல மூணு குட்டி காணாமப் போச்சு. கயோட்டிதான் தூக்கியிருக்கும், அது இந்த ஊர் நரி, ஒரு லாமா வாங்கி விடு, கிட்ட வந்தா மிதிச்சே தொரத்திடும்னு பக்கத்துப் பண்ணைக்காரர் சொன்னார்.

"வந்து ரெண்டு நாள் ஆகல. பட்டு கார்த்தால ஆடுகளோட விளையாடப் போச்சு. நரியை மிதிக்கச் சொன்னா ஆத்துப் பிள்ளையை மிதிக்கறான்! இன்னிக்கே ஏலத்துக்கு அனுப்பறேன்."

"பட்டு சரியா சாப்பிடறானா?"

"எங்கம்மா! எங்காத்துல முட்டை கூடக் கிடையாது. இவனும் சுத்த வெஜிடேரியன். ஒரு மாசமா என்ன ஏக்கமோ, தயிர்சாதத்தை மோந்துகூடப் பாக்கறதில்ல."

வெண்பா கம்ப்யூட்டரைப் பார்த்தா. "வெயிட் நாலு பவுண்ட் ஏறியிருக்கே அங்கிள்?"

"அடிபட்ட வீக்கமா இருக்கும்."

போன் அடிச்சுது. ஸ்பீக்கர்ல போட்டார். ஹம்சா மாமி.

"ஏன்னா, ட்ரெய்லர் வந்துடுத்து. சேனாபதி நகரவே மாட்டேங்கறது. ஆட்டுக்குட்டியையெல்லாம் பின்னாடி தள்ளிட்டு முன்னாடி நிக்கறது. ஏலத்துல கறிக்குத்தான் எடுப்பாளாம். பாவம்னா..."

"என்ன பாவம்? பட்டு பாவமில்லையா?"

"டிரைவர் கெளம்பணுங்கறான். ஏத்தச் சொல்லட்டுமா, வேண்டாமா? ஒண்ணு சொல்லுங்கோ."

கஸ்தூரிரங்கன் பட்டுவைப் பார்த்தார். கண்ணு கலங்கிடுச்சு. நடந்துட்டிருந்தவர் அப்பதான் நின்னார்.

தாடையிலயும் அடி இருக்கான்னு பட்டுவோட வாயைத் திறந்து டார்ச் அடிச்சா வெண்பா. அப்படியே குனிஞ்சு பார்த்தா. இடுக்கியை உள்ள விட்டு எதையோ மெதுவா இழுத்தா.

"ஏத்தச்..."ன்னு அவர் ஆரம்பிக்கறதுக்குள்ள, இடுக்கியை வெளிச்சத்துல தூக்கிக் காட்டினா.

"அங்கிள், உங்க வெஜிடேரியன் பல்லிடுக்குல ஆட்டுக் கம்பளி."